செப்டிக் டேங்க், வாறுகால், தாமிரபரணி: கடையில் வந்து கேட்கும் கேள்விகள்

தாமிரபரணிக் கரையில் ஒரு பேரூராட்சியில் பைப் கடை வைத்திருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம், பாபநாசத்துக்குக் கீழே ஆற்றங்கரையில் உள்ள எந்த ஊருக்கும் இது பொருந்தும். செப்டிக் டேங்க்கில் எடுத்த கசடைச் சுத்தம் பண்ணும் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் ஊருக்கு வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியதிலிருந்து கடையில், படித்துறையில், கல்யாணப் பந்தியில் என்று எங்கே போனாலும் இதே கேள்விகள்தான். நான் இஞ்சினியர் இல்லை. ஆனால் யார் வீட்டு பைப் எங்கே போய் முடிகிறது என்று இந்த ஊரில் எனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது, பாதி பைப்பை விற்றதே நான்தான். அதனால் கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிவிட்டு, எனக்குத் தெரிந்ததைக் கீழே போட்டிருக்கிறேன்.

எங்க வீட்லதான் செப்டிக் டேங்க் இருக்கே, எங்க கழிவு எப்படி ஆத்துக்குப் போகும்?

டேங்க்கின் இன்னொரு பக்கத்தைப் போய்ப் பாருங்கள். அங்கே ஒரு நாலு இன்ச் பைப் வெளியே வரும். கழிப்பறையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் டேங்க்கிலிருந்து ஒரு வாளி தண்ணீர் அந்தப் பைப் வழியாக வெளியேறித்தான் ஆக வேண்டும், வேறு வழி இல்லை. அந்தத் தண்ணீர் உறிஞ்சு குழிக்குள் போக வேண்டும் என்பது விதி. நம்ம ஊரில் பெரும்பாலும் அது வாறுகாலுக்குள், அதாவது தெருவோரச் சாக்கடைக்குள் போகிறது. வாறுகால் ஓடைக்கு, ஓடை ஆற்றுக்கு, அவ்வளவுதான்.

மேஸ்திரி, வீட்டுக்காரர், நான் மூன்று பேருமே இதில் கூட்டு. 'அண்ணாச்சி, டேங்க்ல இருந்து வாறுகாலுக்கு எத்தனை அடி பைப் வேணும்' என்று கேட்டால் அளந்து வெட்டிக் கொடுத்திருக்கிறேனே தவிர, ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை.

டேங்க்குக்குள்ள போனா சுத்தமாயித்தானே வெளிய வரும்?

கொஞ்சம்தான். டேங்க்கில் நடப்பது முக்கியமாக ஒன்று: கனமானது அடியில் கசடாகத் தங்கும், எண்ணெய்ப் பிசுக்கு ஏடு மாதிரி மேலே மிதக்கும், நடுவில் கலங்கல் தண்ணீர் நிற்கும். காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியா கசடை மெல்ல மெல்லச் செரிக்கும். இரண்டு அறை வைத்து, முதல் அறையை இரண்டாவதைப் போல இரண்டு மடங்கு நீளத்தில் கட்டச் சொல்வது கசடு முதல் அறையிலேயே நின்றுவிட வேண்டும் என்பதற்காக.

இப்படி ஒழுங்காகக் கட்டின டேங்க்கே அழுக்கில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் பாதியைத்தான் பிடித்து வைக்கும். நோய்க்கிருமிகளில் பெரும்பகுதி தப்பி வெளியே வந்துவிடும். ஒரே அறை, அடியில் சிமெண்ட் இல்லை, உறை இறக்கி மேலே மூடி போட்டதுதான் 'டேங்க்' என்றால் அந்தக் கணக்கும் கிடையாது.

இருபது வருஷமா எங்க டேங்க் நிறையவே இல்ல. அப்ப அது நல்ல டேங்க்தான?

இதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் ஊரில் நிறைய. டேங்க் எப்போதுமே நிறைந்துதான் இருக்கும், நிறையவில்லை என்றால் அடியில் கசிகிறது என்று அர்த்தம். இல்லை, 'அடைக்கவில்லை' என்பதைத்தான் 'நிறையவில்லை' என்கிறீர்கள் என்றால், கசடு ஏறி ஏறி இப்போது வெளியே போகும் பைப் வழியாகவே போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை கசடை எடுக்க வேண்டும் என்பது வழிகாட்டி விதி.

கிணறோ போரோ வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கணும். உறிஞ்சு குழிக்கும் குடிக்கிற தண்ணீருக்கும் நடுவில் குறைந்தது 60 அடியாவது வேண்டும். நம்ம தெருக்களில் வீட்டு அகலமே இருபது அடி என்பது எனக்கும் தெரியும், அதைக் கடைசிக் கேள்விக்கு முந்தின கேள்வியில் சொல்கிறேன்.

பவுடர் வாங்கிப் போட்டா கசடு கரைஞ்சிடுமாமே?

கரையாது. டேங்க்குக்குத் தேவையான பாக்டீரியா உங்கள் வீட்டிலிருந்தே தினமும் போகிறது, காசு கொடுத்து வாங்க வேண்டாம். ஆசிட்டை மட்டும் பாட்டில் பாட்டிலாக ஊற்றாதீர்கள், இருக்கிற பாக்டீரியாவும் செத்துப்போகும். நாப்கின், டயாப்பர் இரண்டும் உள்ளே போகவே கூடாது.

ஓடுற தண்ணிக்குத் தோஷம் கிடையாதும்பாங்க. ஆறு தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்காதா?

சொன்னவர்கள் தப்பாகச் சொல்லவில்லை. ஆற்றில் விழும் அழுக்கைத் தின்பதற்குப் பாக்டீரியா இருக்கிறது, அது வேலை செய்யத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் வேண்டும். நம்ம ஊர் வெயிலுக்கு, 30 டிகிரியில், ஒரு லிட்டர் தண்ணீரில் ஏழரை மில்லிகிராம் ஆக்ஸிஜன்தான் கரைந்து நிற்கும். அழுக்கு கொஞ்சமாக விழுந்தால் பாக்டீரியா அதைத் தின்று முடிப்பதற்குள் காற்றிலிருந்து புது ஆக்ஸிஜன் கரைந்துவிடும். பாறையில் மோதி நுரைத்து ஓடும் இடத்தில் சீக்கிரமே கரையும். அழுக்கு அளவுக்கு மீறினால் ஆக்ஸிஜன் தீர்ந்துபோகும், மீன் செத்து மிதக்கும், அப்புறம் காற்றில்லாத பாக்டீரியா வேலையை எடுத்துக்கொண்டு தண்ணீர் கறுத்து அழுகின முட்டை நாற்றம் வரும்.

இன்னொன்று, 'ஓடுற தண்ணி' என்கிறீர்களே, தாமிரபரணி எவ்வளவு தூரம் ஓடுகிறது? மொத்தமே சுமார் 128 கிலோமீட்டர். அதில் கோடைமேலழகியானிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டு. அணைக்கட்டைத் தாண்டி விழும்போது தண்ணீருக்குக் காற்று கிடைக்கிறது என்பது உண்மை, ஆனால் அதற்கு மேல்புறம் தேங்கித்தானே நிற்கிறது. சித்திரை வைகாசியில் வந்து பாருங்கள், அமலைச் செடி பாய் விரித்த மாதிரி கிடக்கும். அந்தச் செடிக்கு யாரும் உரம் வைக்கவில்லை, நம்ம வாறுகால் தண்ணீரில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான் உரம்.

பேப்பர்ல பி.ஓ.டி., கோலிஃபார்ம்னு போடுதான். அது என்ன கணக்கு?

மேலே சொன்ன பாக்டீரியாவுக்கு அழுக்கைத் தின்ன எவ்வளவு ஆக்ஸிஜன் தேவைப்படும் என்ற அளவுதான் பி.ஓ.டி. அது கூடினால் தண்ணீர் கெட்டது. குளிக்கத் தகுந்த ஆற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. வீட்டுச் சாக்கடையில் சாதாரணமாக 200, 300 இருக்கும். ஒரு லிட்டர் சாக்கடையை வெறும் தண்ணீர் கலந்தே 3-க்குக் கொண்டுவர வேண்டும் என்றால் எண்பது லிட்டர் போல நல்ல தண்ணீர் வேண்டும் என்று போட்டுப் பாருங்கள்.

மலத்தோடு வரும் பாக்டீரியா எவ்வளவு என்று சொல்வது கோலிஃபார்ம் கணக்கு. குளிக்கிற தண்ணீரில் மலக் கோலிஃபார்ம் 100 மில்லிக்கு 500-க்குள் இருந்தால் நல்லது, 2500-ஐத் தாண்டவே கூடாது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்று இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

நம்மது சின்ன ஊரு. என்ன பெருசா போயிடப் போவுது?

பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 70 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வைப்பார்கள், அதில் 80 சதவீதம் கழிவாகத் திரும்பும். 20,000 பேர் உள்ள ஊர் என்றால் தினமும் 11 லட்சத்து 20 ஆயிரம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணி லாரியில் பிடித்தால் 93 லாரி. யாராவது 93 லாரியைப் படித்துறையில் வரிசையாக நிறுத்தித் திறந்துவிட்டால் சும்மா இருப்போமா? வாறுகால் வழியாகச் சத்தமில்லாமல் போவதால் தெரியவில்லை.

பாபநாசத்துல துணியைப் போட்டுட்டுப் போறவங்களை விட்டுட்டு எங்களைச் சொல்லுதீங்களே?

அதையும் நிறுத்தத்தான் வேண்டும், பரிகாரம் முடித்து ஆற்றில் விட்ட துணியை அள்ளவே தனியாக ஆள் போட வேண்டியிருக்கிறது. ஆனால் துணி கண்ணுக்குத் தெரியும், நாலு பேர் இறங்கினால் எடுத்துவிடலாம். முந்தின கேள்வியில் போட்ட கணக்கை யாராலும் கையால் அள்ள முடியாது.

செப்டிக் டேங்க் லாரிக்காரன் எடுத்துட்டுப் போறானே, அதை எங்க கொண்டு போடுதான்?

நிலையம் இல்லாத ஊரில் அவன் எங்கேதான் போடுவான்? ராத்திரி குளத்தங்கரையில், காலி மனையில், பாலத்துக்குக் கீழே ஓடையில். டீசல் காசு மிச்சம். அவனைத் திட்டுவதற்கு முன்னால் இறக்க ஓர் இடம் காட்ட வேண்டும். செப்டிக் டேங்க் கசடு சாதாரணச் சாக்கடையைவிடப் பத்து மடங்குக்கு மேல் கடுமையானது, ஒரு லோடு ஓடையில் இறங்கினால் சில நூறு பேர் ஒரு நாள் முழுக்க விடும் சாக்கடைக்குச் சமம்.

தமிழ்நாட்டில் கசடு மேலாண்மைக்கு 2014-லேயே வழிகாட்டி விதிகள் வந்துவிட்டன, 2022-ல் சட்டத்தைத் திருத்தி லாரிகளுக்கு உரிமம் கட்டாயம் என்று கொண்டுவந்தார்கள். லாரியைக் கூப்பிடும்போது உரிமம் இருக்கிறதா, எங்கே இறக்குவாய் என்று இரண்டே கேள்வி கேளுங்கள். கேட்டால் அவனுக்குக் கோபம் வரும், பரவாயில்லை.

அவசரத்துக்கு ஆளை இறக்கிச் சுத்தம் பண்ணா என்ன? நாலு கெட்டித் துணி கட்டிட்டு இறங்குவாங்களே?

கூடவே கூடாது. மூடியைத் திறந்ததும் நாற்றம் வருகிற அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு, அளவு கூடினால் மூக்கின் உணர்வையே அடித்துவிடும். 'நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்' என்று நினைக்கிற நேரம்தான் சாவு. துணி கட்டினால் வாயு நிற்காது. ஒருவர் விழுந்தால் அவரைத் தூக்க இறங்குகிறவரும் போய்விடுவார்.

2013-ஆம் வருடச் சட்டப்படி பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது குற்றம், இறக்கச் சொன்ன வீட்டுக்காரரும் தப்ப முடியாது. இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 2014-ல் 10 லட்சம் என்று சொன்ன உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக ஆக்கியது.

கசடு நிலையம்னா அங்க என்ன நடக்கும்? பாதாளச் சாக்கடை வேற, இது வேறயா?

வேறு. பாதாளச் சாக்கடை என்றால் வீட்டிலிருந்து குழாய் வழியாகவே எல்லாக் கழிவுநீரும் நிலையத்துக்குப் போகும். இங்கே லாரி கொண்டுவரும் டேங்க் கசடு மட்டும். ஊர் அளவில் நாட்டிலேயே முதலில் வந்தது கர்நாடகாவில் தேவனஹள்ளி, 2015-ல். தமிழ்நாட்டில் முதலாவது மதுராந்தகம் பக்கத்தில் கருங்குழி, அது 2017-ல் வந்தது. கருங்குழியும் நம்ம ஊர் மாதிரி பேரூராட்சிதான், நாளைக்கு 23,000 லிட்டர் போல கசடு எடுக்கிற அளவுக்குக் கட்டினார்கள்.

இந்த வகை நிலையத்தில் ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. ஜல்லி, அதற்கு மேல் மணல் பரப்பின தொட்டியில் கசடை விடுவார்கள். தண்ணீர் மணலில் வடிந்து கீழே போகும், கசடு மேலே தங்கி வெயிலில் காயும், பத்துப் பதினைந்து நாளில் குளத்து வண்டல் வெடிக்கிற மாதிரி பாளம் பாளமாக வெடித்து நிற்கும். மண்வெட்டியால் வாரலாம். வடிந்த தண்ணீரைத் தனியாகச் சுத்திகரிக்க வேண்டும், அதைச் செய்யாமல் விட்டால் நிலையம் கட்டினது வீண்.

நாத்தம் அடிக்குமா? எங்க தெருப் பக்கத்துலதான் இடம் கிடைச்சுதா?

லாரி இறக்கும் நேரத்தில் அடிக்கும், இல்லை என்று சொன்னால் பொய். காய ஆரம்பித்ததும் குறையும். எனவே குடியிருப்பை ஒட்டிக் கட்டாதே என்று நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி, நிலையமே வேண்டாம் என்பது நியாயமில்லை, ஏனென்றால் அந்த லோடு இப்போதும் உங்கள் ஓடையில்தான் இறங்குகிறது.

இடத்தைப் பற்றி என் சண்டை வேறு. ஆற்றை ஒட்டிப் புறம்போக்கு இருக்கிறது என்று அங்கே கொண்டுபோய்க் கட்டக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, தாமிரபரணி கரை தாண்டி வந்ததைப் பார்த்தோமே. அப்படி ஒரு வெள்ளம் வந்தால் தொட்டியில் காய்கிறது எல்லாம் ஒரே ராத்திரியில் கடலுக்குப் போய்விடும்.

சரி, நிலையம் வந்துட்டா ஆறு சுத்தமாயிடும்லா?

ஆகாது. இதைச் சொன்னால் நிலையம் வேண்டும் என்பவர்கள், வேண்டாம் என்பவர்கள் இரண்டு தரப்பும் என்னை முறைக்கிறார்கள். நிலையம் பார்த்துக்கொள்வது லாரிக் கசடை. 93 லாரிக் கணக்கு இருக்கிறதே, அதில் பெரும்பகுதி குளியலறை, அடுப்படி, துணி துவைக்கிற தண்ணீர், அதோடு முதல் கேள்வியில் சொன்ன நாலு இன்ச் பைப் தண்ணீர். அது எதையும் லாரி தொடுவதில்லை. கசடை ஒழுங்காக எடுத்தால் டேங்க் மறுபடி தங்க வைக்கும் வேலையைச் செய்யும், வாறுகாலுக்கு வருகிற அழுக்கு குறையும், திருட்டு லோடு நிற்கும். மீதிக்கு உறிஞ்சு குழியும், வாறுகால் ஆற்றில் சேரும் இடத்துக்கு முன்னால் சின்ன அளவிலாவது ஒரு சுத்திகரிப்பும் வேண்டும்.

அப்படின்னா ஒரேயடியா பாதாளச் சாக்கடையே போட்ரலாமே?

போடலாம்தான், ஆனால் குழாயில் அழுக்கு தங்காமல் ஓட ஆளுக்கு 135 லிட்டர் தண்ணீராவது வர வேண்டும் என்பது கணக்கு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் குழாய்த் தண்ணீர் வரும் ஊரில் அது அடைத்துக்கொண்டு ஆள்துளை மூடி வழியாகத் தெருவில் பொங்கும். பள்ளமான இடங்களில் பம்பிங் நிலையம் வேண்டும், கரண்ட் போனால் அதற்கு ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்கு டீசல், டீசலுக்குப் பேரூராட்சியில் பணம். கட்டுவதற்குத் திட்ட நிதி வரும், மாதா மாதம் ஓட்டுவதற்கு யார் கொடுப்பார்கள் என்று முதலில் கேட்பேன்.

பெரிய சுத்திகரிப்பு நிலையம் நிஜமா ஓடுதா, பேருக்கு ஓடுதான்னு எப்படிக் கண்டுபிடிக்க?

ஒரு நிலையத்தைச் சுற்றிக் காட்டிய ஆபரேட்டர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது இது. காற்று ஊதுகிற தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் ஜாடியில் மொண்டு மேசைமேல் வைத்தார். சாக்லேட் நிறம், கலக்கின காப்பி மாதிரி. 'பேசிக்கிட்டே இருங்க' என்றார். அரை மணி நேரத்தில் பழுப்பு எல்லாம் 300 மில்லி கோட்டுக்குக் கீழே இறங்கி, மேலே தெளிந்த தண்ணீர் நின்றது. முகர்ந்தேன், மழை பெய்த மண் வாசம்தான். அந்தப் பழுப்பு முழுக்க உயிரோடு இருக்கும் பாக்டீரியா.

ஜாடி கறுப்பாக இருந்து நாறினால் காற்று ஊதும் மோட்டாரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நிலையத்துக் கரண்ட் பில்லில் பெரிய பங்கு அந்த மோட்டாருக்குத்தான் போகிறது, அதனால் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் முதலில் அதில்தான் கை வைப்பார்கள். மின் கட்டண ரசீதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், ஆய்வறிக்கையைவிட அது தெளிவாகப் பேசும்.

சுத்திகரிச்ச தண்ணியும் காஞ்ச கசடும் வயலுக்கு ஆகுமா?

தண்ணீர் ஆகும், குடிக்க ஆகாது. தென்னை, தீவனப் புல்லுக்கு யோசிக்காமல் விடலாம், பச்சையாகத் தின்னும் கீரை, வெள்ளரிக்கு வேண்டாம். காய்ந்த கசடு நல்ல உரம்தான், ஆனால் அதில் உருண்டைப் புழுவின் முட்டை மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். நன்றாகச் சூடேறும்படி மற்றக் குப்பையோடு மக்க வைத்து, அப்புறம் போட வேண்டும்.

மேல இருக்கிற ஊர்க்காரன் நிறுத்தாம நாங்க மட்டும் ஏன் நிறுத்தணும்?

இதைக் கேட்டவர் மகளை ஸ்ரீவைகுண்டத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறார். எட்டு அணைக்கட்டில் கடைசி அது. மேலே எல்லோரும் விட்டது முழுக்க அங்கேதான் போய்த் தேங்குகிறது. ஆற்றுக்குள் உறைகிணறு போட்டுத்தான் இந்தப் பக்கத்து ஊர்கள் பலவற்றுக்கும் குடிநீர் எடுக்கிறார்கள். மேல ஊருக்கு நாம் கீழ ஊர், நமக்குக் கீழேயும் ஊர் இருக்கிறது. அதைச் சொன்னதும் அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

எங்க வீட்டுக்கு இடமே இல்ல அண்ணாச்சி. உறிஞ்சு குழியை எங்க தோண்ட?

உண்மையிலேயே கஷ்டமான கேள்வி இதுதான். சுவரோடு சுவர் ஒட்டின தெருக்கள். போதாததற்கு வயலை ஒட்டிக் களிமண், கார்த்திகை மார்கழியில் நாலடி தோண்டினால் ஊற்று. அங்கே குழி போட்டால் உறிஞ்சாது, கழிவு நேராக நிலத்தடித் தண்ணீரில் கலக்கும். அந்த மாதிரி இடத்தில் தனித்தனியாகக் குழி போடச் சொல்வதில் அர்த்தமில்லை.

தெருவுக்கு ஒன்றாகச் சேர்த்து, டேங்க்கிலிருந்து வரும் தெளிந்த தண்ணீரை மட்டும் சின்னக் குழாயில் கொண்டுபோய் ஜல்லியும் கல்வாழையும் நாணலும் உள்ள தொட்டியில் விடலாம். கசடு வராததால் குழாய் அடைக்காது, செலவும் பாதாளச் சாக்கடை அளவுக்கு வராது. பேரூராட்சியில் மனு கொடுப்பது என்றால் வீட்டுக்கு வீடு கொடுக்காமல் தெருவாகக் கொடுங்கள்.

அதெல்லாம் வர்ற வரைக்கும் அந்த நாலு இன்ச் பைப் வாயை நானே அடைச்சுடட்டுமா?

தயவுசெய்து வேண்டாம். ஊற்றுகிற தண்ணீர் எங்கேயாவது போக வேண்டுமே. ஒருவர் கொள்கைப் பிடிப்போடு என்னிடம் எண்ட் கேப் வாங்கிப் போய் ஒட்டினார், தீபாவளிக்கு முந்தின நாள், வீடு நிறைய விருந்தாளி. சாயங்காலமே கழிப்பறைக் கோப்பை வழியாக எல்லாம் திரும்பி வந்துவிட்டது. முதலில் லாரியைக் கூப்பிட்டுக் கசடை எடுங்கள், மூடியைத் திறந்ததும் ஒரு கம்பை விட்டு எத்தனை அறை இருக்கிறது, அடியில் சிமெண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பார்த்துவிட்டு வந்து சொன்னால் எந்தப் பைப் வேண்டும் என்று நான் சொல்கிறேன்.